மெத்தை இல்லாத கட்டில்

"சார், இந்த வீட்டுல கொலை நடந்துச்சோ இல்லையோ, எலுமிச்சம்பழத்துக்குப் பெரிய அநியாயம் நடந்துகீது," என்றாள் கௌசிகா.

பிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள். மேல் தட்டில் பாதியாக வெட்டிய எலுமிச்சைகள், காய்ந்து சுருங்கி, வெட்டிய பக்கம் மேலே தெரிய வரிசையாக இருந்தன. நடுத் தட்டில் கிண்ணம் நிறைய அடுப்புக்கரி. அதன் பக்கத்தில் தட்டில் பரப்பிய காபித்தூள். காய்கறி டிராயரில் கசக்கித் திணித்த தெலுங்கு நியூஸ்பேப்பர்.

கோகுலகிருஷ்ணன் சமையலறையின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளைம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையை விட்டபின் சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தார். குடிபாலாவிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்துபோகும் கௌசிகாதான் அந்த ஆபீஸின் மொத்தப் பட்டாளம்.

"எலுமிச்சை, கரி, காபி. பீரோவுல கைநிறைய அந்துருண்டை. ஷூவுக்குள்ள ஆப்பசோடா. ஃபிளாஸ்க்ல வினிகர். தரையில பினாயில்," என்றார் அவர். "நாத்தம் போக எது எது செய்வாங்களோ, அத்தனையும் ஒரே வீட்டுல."

"யூடியூப்ல ஒரு வீடியோவை முழுசா பாத்துட்டு, அடுத்த வீடியோவையும் பாத்துட்டான் சார் கொலைகாரன்."

வாசற்படியில் நின்றிருந்த பிரியங்காவின் முகம் சுருங்கியது. கௌசிகா உடனே, "மன்னிச்சிக்கோங்க அக்கா," என்றாள்.

பிரியங்காவின் அப்பா வேங்கடாசலம் கிரீம்ஸ்பேட்டையின் இந்த இரண்டு போர்ஷன் வீட்டில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தார். மனைவி இறந்து சில வருடம் ஆகியிருந்தது. பிரியங்கா ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவன், குழந்தையோடு அங்கேயே ஒரு அபார்ட்மென்ட். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவுக்குப் போன் செய்வாள். ஒரு ஞாயிறு அவர் எடுக்கவில்லை. தூங்குகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அன்றே கிளம்பி வந்தாள்.

வீடு பூட்டியிருந்தது. போன் உள்ளே சார்ஜரில் மாட்டியபடி இருந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. வீடு முழுவதும் யாரோ வெறி பிடித்தது போலக் கழுவித் துடைத்திருந்தார்கள். அந்தக் கழுவிய வாசனைக்கு அடியில், சமையலறைப் பக்கமிருந்து, மெல்லிய அழுகல் நாற்றம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதுதான் அவளை உடைத்துவிட்டது. போலீஸ் வந்து பின்பக்கத் தோட்டத்தைத் தோண்டிப் பார்த்தது. எதுவும் கிடைக்கவில்லை.

"பக்கத்துப் போர்ஷன் பவன்குமார்தான் சார்," என்றாள் பிரியங்கா. "எங்க நைனாவைப் பாத்து அவன் கத்தினதைத் தெருவே கேட்டுகீது. அதுக்கு மறுநாள்ல இருந்து நைனாவை யாரும் பாக்கல. ரத்தம் பட்ட மெத்தையை எங்கயோ தூக்கிப் போட்டுட்டு வீட்டைக் கழுவிட்டான். நான் கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டேன். சாயந்திரம் அவனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிகீறாங்க."

"சாயந்திரம்தானே? நேரம் இருக்கு," என்றார் கோகுலகிருஷ்ணன். "கௌசிகா, பிரிட்ஜை இழு."

"நானா சார்?"

"ஆளுக்கு ஒரு பக்கம்."

பழைய பிரிட்ஜ். சுவரை விட்டு நகர்ந்ததும் கௌசிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறையை விட்டே ஓடினாள். பின்பக்கம், மோட்டாருக்கு மேலே தண்ணீர் சொட்டிச் சேரும் தட்டில், கருப்பும் பச்சையுமாக ஒரு கூழ் தடித்துக் கிடந்தது. அழுகல் நாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

கோகுலகிருஷ்ணன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து பிரியங்காவிடம் சொன்னார்: "இதுதாம்மா நீங்க மோந்த நாத்தம். பயப்பட வேண்டாம். வெறும் பிரிட்ஜ் தண்ணி. ஆனா இது ரெண்டு வாரத்து அழுக்கு இல்லை. மாசக்கணக்கா சேர்ந்தது."

பிரியங்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தாள். அவள் இத்தனை நாளாக எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாளோ, அது ஒரு பிளாஸ்டிக் தட்டு.

கௌசிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "வீட்டைப் பூரா கழுவினவன் இதை மட்டும் ஏன் சார் விட்டான்? மூக்கு இருக்கறவன் முதல்ல இங்கதானே கைவெப்பான்?"

"அதைத்தான் நானும் கேட்கறேன். மூக்கு இருக்கறவன்."

"அப்போ கொலைகாரனுக்கு மூக்கு இல்லை. அடையாள அணிவகுப்பு சீக்கிரம் முடிஞ்சுரும்."

"கொலைன்னு யார் சொன்னா?" அவர் பிரிட்ஜிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். மூடியின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'புதன் ரசம்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'வியாழன் கூட்டு'. "தனியா இருக்கற மனுஷன் வெச்ச ரசத்துக்கு ஏன் கிழமை எழுதணும்? கெட்டுப்போச்சான்னு மோந்து பாத்தா தெரியாதா? இவருக்குத் தெரியாது. அதனால எழுதறார். எலுமிச்சையோட நிறுத்தாம கரி வெக்கறார், காபி வெக்கறார். நாத்தம் போச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. வீட்டைக் கழுவினது வேற யாரும் இல்லை. உங்க அப்பாதான். அவருக்கு வாசனையே தெரியறதில்லை."

பிரியங்கா தலையை ஆட்டினாள். "இல்ல சார். நீங்க தப்பா சொல்றீங்க. எங்க நைனா பால் குளிரூட்டும் நிலையத்துல வேலை பாத்தவரு. ஊர் ஊரா வர்ற பால் கேனைத் தொறந்து, ஒரு தடவை மோந்து பாத்துட்டு, நல்லது கெட்டது சொல்லணும். அதான் அவர் வேலை. அவர் வேண்டாம்னு சொன்ன கேனை மேனேஜர்கூட உள்ள எடுக்க மாட்டாரு. அந்த மூக்கைப் போயி நீங்க..."

"எப்ப வேலையை விட்டாரு?"

"கொரோனா காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம் விட்டுட்டாரு. கால் வலி, நிக்க முடியலன்னாரு."

"கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாரா?"

"இல்லையே சார்," என்றாள் பிரியங்கா மெதுவாக.

கோகுலகிருஷ்ணன் பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். கொய்யா மரத்தடியில் கேஸ் சிலிண்டர் ஒன்று நின்றது. மேலே மூடியைப் போட்டு, கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"காலி சிலிண்டரை வெளிய வெப்பாங்க," என்றார். "நிறைஞ்ச சிலிண்டரை யார் வெளிய வெப்பா?"

"பயந்தவங்க," என்றாள் கௌசிகா. இந்த முறை அவள் கிண்டல் செய்யவில்லை.

"அதேதான். வா, பயந்தவரைப் பார்ப்போம்."

பவன்குமார் பக்கத்துப் போர்ஷன் வாசலில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். இன்று வேனை எடுக்கவில்லை. இவர்களைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே மனைவியிடம் அனுப்பிவிட்டு எழுந்தான்.

"சார், நிஜங்கா நான் ஒண்ணும் செய்யல. பெத்தாயனைத் தொட்டதுகூட இல்லை," என்றான். பெரியவரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"தெரியும்," என்றார் கோகுலகிருஷ்ணன். "கேஸ் கசிஞ்ச அன்னைக்கு நீதானே ஓடிப்போய் சிலிண்டரை மூடினே?"

பவன்குமார் மெல்ல வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சுவரைத் தாண்டி எங்க வீட்டுக்கே கேஸ் வாசனை வந்துச்சு சார். பாப்பா உள்ள தூங்கிகினு இருந்துச்சு. ஓடிப்போய் கதவைத் தள்ளினா, அடுப்புக்குப் பக்கத்துல பெத்தாயன உக்காந்துகினு இருக்காரு. கையில தீப்பெட்டி. சாமிக்குக் கற்பூரம் ஏத்தப் போறாரு. நான் தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். சிலிண்டரைத் தூக்கி வெளிய வெச்சேன். வெச்சிட்டு, கத்திட்டேன் சார். எல்லாரையும் கொல்லப் பாக்கறியா, எங்க பாப்பா உள்ள இருக்குதுன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'வாசனை வந்துச்சா பவன்?'னு கேட்டாரு. எனக்கு இன்னும் கோபம் வந்துச்சு. விளையாடறீங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில வீட்டைப் பூட்டிகினு போனாரு. போகும்போது என் வாசல்ல நின்னு, 'இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது'ன்னு சொன்னாரு." பவன்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரயிலுக்கு முன்னாடி விழுந்திருப்பாரோன்னு நினைச்சேன் சார். என்னாலதான்னு ஆயிடும்னு பயந்து யாருக்கும் சொல்லல."

பின்னாலேயே வந்து நின்றிருந்த பிரியங்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கொலைகாரன் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். இப்போது அவனை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"மெத்தை?" என்று கேட்டார் கோகுலகிருஷ்ணன். "மெத்தையை யார் எடுத்துகிட்டுப் போனா?"

"அது அதுக்கு முன்னாடி வாரமே போயிடுச்சு சார். ரேணிகுண்டாவுல இருந்து ஒரு சின்ன வண்டி வந்துச்சு. லாட்ஜ் மெத்தை எல்லாம் கழுவித் தர்றவங்களாம். 'மெத்தையில ஏதாச்சும் வாசனை இருக்கும், கழுவிட்டா என் பொண்ணு குழந்தையைக் கூட்டிகினு வந்து தங்குவா'ன்னு என்கிட்ட சொன்னாரு. திரும்பக் கொண்டாந்து தர லேட் ஆகுதுன்னு சொல்லிகினே இருந்தாரு."

கோகுலகிருஷ்ணன் கார் சாவியை எடுத்தார்.

"எதுக்கு சார் ரேணிகுண்டா? மெத்தையை விசாரிக்கவா?" என்றாள் கௌசிகா.

"போனை சார்ஜர்ல விட்டுட்டுப் போறவன் சாகப் போறவன் இல்லை. சாயந்திரம் திரும்பி வரப் போறவன். அன்னைக்குக் காலையில அவருக்குப் போறதுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்திருக்கும். அவரோட மெத்தை எங்க இருக்கோ அங்க."

கார் பூதலப்பட்டைத் தாண்டியது. பின் சீட்டில் பிரியங்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். சாலையோரம் மாந்தோப்புகள் தூசி படிந்து நின்றன.

"கடைசியா எப்ப உங்க வீட்டுக்கு வந்தாரு?" என்று கோகுலகிருஷ்ணன் கேட்டார்.

"ஆடியில வந்தாரு சார். ஒரு மாசம் இருக்கறேன்னு பேரனுக்கு சைக்கிள் எல்லாம் வாங்கிகினு வந்தாரு. பாதியிலயே, வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்னு கெளம்பிட்டாரு. வெள்ளை ஒண்ணும் அடிக்கல."

"யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

"யாரும் எதுவும் சொல்லல சார். நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லல." பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது போல அவளே சொன்னாள். "சாப்புடறப்போ தட்டை எடுத்துகினு பால்கனிக்குப் போயிடுவாரு. வெளிய காத்து நல்லா வருதும்மான்னுவாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

கௌசிகா முன் சீட்டிலிருந்து திரும்பி, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சந்திரகிரி போய், திருப்பதியின் நெரிசல் போய், ரேணிகுண்டா ஜங்ஷனுக்குப் பின்பக்கம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மண் சாலையில் கார் நின்றது. பெரிய சிமெண்ட் தரை. அதில் வெயிலில் வரிசை வரிசையாக மெத்தைகள். கயிறுகளில் உறைகள். மூக்கில் துணி கட்டிய பெண்கள் மூங்கில் கம்பால் மெத்தைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கு அடி தூசி கிளம்பியது.

"நீங்க கார்லயே இருங்கம்மா," என்றார் கோகுலகிருஷ்ணன். "நான் நினைக்கறது தப்பா இருக்கலாம்."

பிரியங்கா சரி என்றாள். ஆனால் கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்த இடத்தின் சொந்தக்காரி சுந்தரம்மா. ஐம்பது வயது இருக்கும். மூக்குத் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பேசினாள்.

"சித்தூர் கிரீம்ஸ்பேட்டை மெத்தையா? ஓ, அண்ணனோட மெத்தையா? அதை எப்பவோ ரெடி பண்ணி வெச்சாச்சு. ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க சார். அந்த மெத்தையில நாத்தமே இல்லை. உறையைப் பிரிச்சுப் பாத்தா இலவம்பஞ்சு புதுசாட்டம் இருக்குது. 'எதுக்கு அண்ணா இதைக் குடுத்தீங்க, காசு தண்டம், திருப்பி எடுத்துகினு போங்க'ன்னு அவரு வந்தப்போ சொன்னேன். நம்பவே இல்லை. 'மரியாதைக்குச் சொல்றீங்கம்மா'ன்னு சொல்லிகினே நின்னாரு."

கௌசிகா கோகுலகிருஷ்ணனைப் பார்த்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதை அவரும் எதிர்பார்க்கவில்லை. நாற்றம் இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை என்றுதான் இவ்வளவு தூரம் நினைத்து வந்திருந்தார். நாற்றமே இல்லை.

"வந்தவர் எங்கம்மா போனாரு?"

"எங்க போனாரா? போகவே இல்லையே." சுந்தரம்மா கையைக் காட்டினாள். "அதோ, கடைசி ஷெட்டு. ரொம்ப மோசமான மெத்தைங்க எல்லாம் அங்கதான் வரும். குழந்தைங்க நனைச்சது, பால் கொட்டினது, மழைத் தண்ணியில ஊறினது. எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க. இவரு அன்னைக்குச் சும்மா பாத்துகினே நின்னாரு. அப்புறம் 'நான் செய்யவாம்மா?'ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து இங்கதான். பின்னாடி ரூம்ல தங்கிகீறாரு. மூக்குல துணிகூடக் கட்டறதில்லை. பெரிய மனசு சார் அவருக்கு."

"மனசு பெருசுதான்," என்றாள் கௌசிகா மெதுவாக. "மூக்குதான் லீவுல இருக்குது."

ஷெட்டின் வாசலிலேயே அவளுக்குக் கண் எரிந்தது. உள்ளே, துணி எதுவும் கட்டாத முகத்தோடு, நரைத்த தலையோடு ஒருவர் ஒரு மெத்தையின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, சல்லடையால் ஆப்பசோடாவைச் சலித்துத் தூவிக்கொண்டிருந்தார். கோலமாவு தூவுகிற மாதிரி ஒரு நிதானம். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"வேங்கடாசலம்?" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"ஆமா சார். எந்த லாட்ஜ்ல இருந்து வரீங்க?"

"லாட்ஜ்ல இருந்து இல்லை. உங்க பொண்ணு அனுப்பிச்சாங்க. உங்களைக் காணோம்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க."

சல்லடை அவர் கையிலேயே நின்றது. "போலீஸா? எதுக்கு சார்? அவ ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. எடுக்கலன்னா தூங்கறேன்னு நினைப்பா. அவளுக்கு ஆயிரம் வேலை."

"பவன்குமார் உங்களைக் கொன்னுட்டான்னு நினைச்சாங்க. சாயந்திரம் அவனை ஸ்டேஷன்ல விசாரிக்கப் போறாங்க."

"ஐயோ, அந்தப் பையன் இன்னா பண்ணான்? அவன் இல்லன்னா அன்னைக்கு அத்தினி பேரும் போயிருப்போம்." வேங்கடாசலம் எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். "சத்தியமா சாயந்திரம் திரும்பறதா தான் சார் வந்தேன். மெத்தையை எடுத்துகினு போவலாம்னு. இங்க வந்து நின்னதும், அந்த வீட்டுக்குத் திரும்பப் போவப் பயமா இருந்துச்சு. மறுபடி கேஸ் கசிஞ்சா யாரு வந்து சொல்றது?"

"வாசனை தெரியலைன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது சார்? முப்பது வருசம் இந்த மூக்கை வெச்சுத்தான் அவளைப் படிக்க வெச்சேன்." அவர் கையிலிருந்த சோடாவைத் தட்டிவிட்டார். "ஒருநாள் பால் பொங்கிக் கருகிப் போச்சு. அடுப்புப் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தேன், தெரியல. சரி, நாமதானே, பரவாயில்லைன்னு இருந்தேன். பொண்ணு வீட்டுக்குப் போனேன். ரெண்டாம் நாள் என் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு டப்பா வெச்சாங்க. புஸ்ஸுன்னு அடிக்குமே, ரூம் மணக்க, அது. நாலு நாள் போயி அதை எடுத்துட்டு இன்னும் பெருசா ஒண்ணு வெச்சாங்க. அவ புருஷன் வந்தாலே ஜன்னலைத் தொறப்பாரு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. நல்ல புள்ளைங்க. சொன்னா மனசு நோவும்னு சொல்லல."

அவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"என் மேல நாத்தம் அடிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். குளிக்கறேன், துணி மாத்தறேன். ஆனா தெரியாது. யாரைக் கேக்கறது? தெருவுல போறவனை நிறுத்தி, என்னை மோந்து பாருப்பான்னு கேக்க முடியுமா? வீட்டுல இருந்த எல்லாத்தையும் கழுவிப் பாத்தேன். போச்சா, இருக்குதா, ஒண்ணும் புரியல. இங்க அந்தக் கவலை இல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து துன்றோம். எல்லார் மேலயும் ஒரே நாத்தம். யாரும் தள்ளி உக்கார மாட்டாங்க."

கௌசிகா எதையோ பார்க்கிற மாதிரி ஷெட்டின் கூரையைப் பார்த்தாள்.

"அது பாத்ரூம் நைனா."

மூவரும் திரும்பினார்கள். பிரியங்கா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அந்த ரூம் பாத்ரூம்ல குழாய் அடைச்சுகினு நாத்தம் மேல வரும். கட்டின நாள்ல இருந்தே அப்படித்தான். பக்கத்துல எல்லார் வீட்டுலயும் அதான் கதை. நீ எப்படி நைனா இந்த நாத்தத்துல தூங்குவேன்னுதான் அந்த டப்பாவை வாங்கியாந்தேன். சின்னது பத்தலன்னு பெருசா வாங்கினேன். உன் மேல இல்ல நைனா. உன் மேல ஒரு நாளும் இல்ல."

வேங்கடாசலம் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுந்தரம்மா சொன்னபோது நம்பாத அதே முகம்தான் இப்போதும் இருந்தது.

"எனக்காகச் சொல்ற," என்றார்.

"இல்ல."

"அவரு ஜன்னலைத் தொறந்தாரே?"

"பாத்ரூம் நாத்தம் போவ." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏன் என்னைக் கேக்கல?"

வெளியே ஒரு ரயில் ஜங்ஷனுக்குள் மெதுவாக நுழைந்தது. அதன் சத்தம் அடங்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

கோகுலகிருஷ்ணன் தன் போனை பிரியங்காவிடம் நீட்டினார். "முதல்ல பவன்குமார். அப்புறம் ஸ்டேஷன்."

அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அவன் எடுத்ததும், "பவன், நைனா கெடைச்சிட்டாரு. நான் ஸ்டேஷன்ல பேசிடறேன். நீ எங்கயும் போக வேணாம்," என்றாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் அழுவது எல்லோருக்கும் கேட்டது. பிறகு அவன் கேட்டான்: "பெத்தாயன சாப்பிட்டாரா அக்கா?"

ஸ்டேஷனுக்குப் பேசி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரியங்கா ஷெட்டுக்குள் நடந்து வந்தாள். வேங்கடாசலம் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதம்மா. நல்ல துணி போட்டுகினுகீற. காலையில இருந்து இதுங்களோடதான் கீறேன்."

அவள் அவர் பக்கத்தில் அந்த சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் தோளில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். வேங்கடாசலம் அசையாமல், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி இருந்தார்.

"இப்ப?" என்று கேட்டார்.

பிரியங்கா நிமிர்ந்தாள். பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் அதை விட்டாள்.

"இப்ப நாறுது நைனா," என்றாள். "ரொம்ப நாறுது."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. பல நாளாகத் தூக்கிப் பிடித்திருந்த கனம் அது.

"எப்படி நாறுது?"

"ஈரத் துணி மாதிரி. அப்புறம் பால் மாதிரி."

"புளிச்ச பாலா, கெட்டுப்போன பாலா? ரெண்டும் வேற வேற."

அவள் மறுபடி குனிந்து முகர்ந்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, நேரம் எடுத்துக்கொண்டாள்.

"புளிச்சது."

"அப்ப இதுதான்," என்று அவர் பக்கத்தில் கிடந்த ஒரு தலையணையைத் தட்டினார். "காலையில இதைத்தான் தூக்கினேன். இன்னும் போவலயா அது? ரெண்டு தடவை சோடா போட்டுட்டேனே." அதை எடுத்து அவளிடம் நீட்டினார். "பாரு."

அவள் வாங்கி முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "போவல நைனா."

"இது?"

"இது பரவாயில்ல."

"பரவாயில்லன்னா? இருக்குதா இல்லையா?"

"கொஞ்சம் இருக்குது."

கோகுலகிருஷ்ணன் கௌசிகாவின் தோளைத் தொட்டு, வெளியே வரச் சொன்னார். இருவரும் மெத்தைகளுக்கு நடுவே காரை நோக்கி நடந்தார்கள். பின்னால் ஷெட்டுக்குள்ளிருந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் அப்பாவின் குரலும், இருக்குது, இல்லை, இருக்குது என்று சொல்லும் மகளின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன.